கல் நின்றது, உடல் நடந்தது

தமிழ்நாட்டின் கற்காலத்தைப் பற்றிய கட்டுரைகள் வழக்கமாக 1863 மே 30ஆம் தேதியில் தொடங்கும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் மனிதக் கை செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தது அன்றுதான். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் இறுதியில், அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே அதே வகைக் கற்கள் நிறையக் கிடந்தன. ஃபூட்டுக்குக் கூர்மையான கண். ஆனால் ஒரு கல்லின் வயதைச் சொல்ல அந்தக் காலத்தில் வழியே இல்லை. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த இதே மாதிரியான கற்கள் மனிதர் செய்தவைதாம் என்று ஆங்கிலேய அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859இல்தான். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்த அதே ஆண்டு. தன் கையில் இருப்பது மிகப் பழையது என்று ஃபூட்டுக்குத் தெரியும். எத்தனை பழையது என்பது தெரியவர இன்னும் 148 ஆண்டுகள் ஆயின.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு நடத்தினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த காலக்கணிப்பு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கணித்த விதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சைட் கல்மீது விண்கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அவை கல்லில் உள்ள அணுக்களைத் தாக்கி அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அரிய ஐசோடோப்புகளை உண்டாக்குகின்றன, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில். கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. புதிதாக எதுவும் சேராது. இருப்பது மட்டும் சிதையும். அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பெரிலியத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு காலம் வேண்டும். ஆகவே இன்று கல்லில் எஞ்சியுள்ள இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், அது எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம். கருவிகளை இப்படிக் கணக்கிட்டபோது கிடைத்த சராசரி 15 லட்சம் ஆண்டுகள். படிவுகளில் பதிந்திருந்த புவிக்காந்தத்தின் திசையும் தனியாகச் சோதிக்கப்பட்டது. அதன்படி பார்த்தாலும் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறைய வாய்ப்பில்லை.

இந்த எண்ணைப் பார்த்ததும் நம் ஊரின் தொன்மையை எண்ணிப் பூரித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். இதைச் செதுக்கியவர் தமிழரும் இல்லை, இந்தியரும் இல்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ்கூட இல்லை. அப்போது நாம் பிறக்கவேயில்லை. எனக்கு அதைவிட வியப்பூட்டுவது, அந்தக் கல்லின் வடிவம். அதை ‘கைக்கோடரி’ என்கிறோம். காம்பு கிடையாது, அப்படியே கையில் பிடிப்பது. உள்ளங்கை அகலம், இரண்டு முகத்திலும் செதில் பெயர்த்த தழும்புகள், ஒரு முனை கூர், மறு முனை உருண்டை. நடுவே கோடு கிழித்தால் இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒன்று. இதே வடிவம் கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் கொக்கிசெலேயில் 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. தென் இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் இருந்தது. ஆப்பிரிக்காவில் எரிமலைப் பாறை, நம் பக்கம் குவார்ட்சைட், இங்கிலாந்தில் தீத்தட்டிக்கல். கல் வேறு, கண்டம் வேறு, காலம் வேறு, வடிவம் ஒன்று. பிரான்சில் ஆமியேன் நகரை ஒட்டிய சேன் அச்சூல் என்ற இடத்தின் பெயரால் இந்தக் கல்தொழிலை அச்சூலியன் என்று அழைக்கிறார்கள்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு லட்சம் ஆண்டுகளில் அதைப் பிடித்திருந்த உடல் சும்மா இருக்கவில்லை. 1984இல் துர்க்கானாவின் மேற்குக் கரையில் நரியோகோட்டோமே என்ற இடத்தில் கமோயா கிமேயு கண்டுபிடித்த ஹோமோ எரெக்டஸ் சிறுவனின் மூளை 880 கன செ.மீ. அவன் வாழ்ந்தது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் காலத்தில். அச்சூலியன் முடியும் தறுவாயில் மூளை 1,200ஐ எட்டிவிட்டது. நமக்குச் சராசரி 1,350. மூளை கூடியது, பல் சிறுத்தது, முகம் உள்வாங்கியது. கல் மட்டும் அப்படியே நின்றது. பிறகு நிலைமை தலைகீழானது. கடந்த 3 லட்சம் ஆண்டுகளில் மூளையின் அளவு பெரிதாகக் கூடவில்லை, ஆனால் கையில் இருக்கும் பொருள் ஈட்டியாகி, வில்லாகி, ஏராகி, செல்போனாகிவிட்டது.

‘முதலில் உடல் வளர்ந்தது, மூளை பெருத்ததும் பண்பாடு வந்தது’ என்ற படிக்கட்டுக் கதை நம் பாடப்புத்தக ஓவியங்களில் இன்றும் நடைபோடுகிறது: குனிந்த குரங்கு, பாதி நிமிர்ந்தவன், ஈட்டியுடன் நிமிர்ந்தவன். அந்த வரிசைக்குள் அத்திரம்பாக்கத்துக் கல் பொருந்தாது. உடலும் பண்பாடும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தவை என்பதையும், பல கட்டங்களில் முதலில் அடியெடுத்து வைத்தது பழக்கம்தான், உடல் பின்னால் வந்து சேர்ந்தது என்பதையும் கல்லும் எலும்பும் காட்டுகின்றன.

*

மூளைதான் முன்னோடி என்று நம்ப மனிதருக்கு எப்போதும் ஆசை. அந்த ஆசைக்கு 40 ஆண்டு விலை கொடுத்தார்கள். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட ‘ஆதிமனிதன்’ கிடைத்ததாக அறிவித்தார்கள். நம் மூதாதைக்கு முதலில் மூளைதான் பெருத்திருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. உண்மையில் தைத்ததுதான்: மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சாயமேற்றிச் சேர்த்த மோசடி என்று 1953இல் வெளிப்பட்டது. இடையில், 1925இல், தென்னாப்பிரிக்காவின் டாங்கில் கிடைத்த குழந்தை மண்டையை ரேமண்ட் டார்ட் விவரித்தபோது அறிஞர் உலகம் முகம் சுளித்தது. சின்ன மூளை, ஆனால் நிமிர்ந்து நடந்ததற்கான அடையாளம். வரிசை தவறாயிற்றே!

அந்தத் ‘தவறான’ வரிசைதான் சரி என்று பிறகு தெரிந்தது. தான்சானியாவின் லெட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களை 1978இல் மேரி லீக்கியின் குழு கண்டது. வயது ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள். குதிகால் ஊன்றி, பெருவிரலால் உந்தி நடந்த தடங்கள். கடற்கரை மணலில் நாம் விட்டுவரும் தடத்தோடு வைத்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. அப்படி நடந்தவர்களின் மூளை சிம்பன்சியுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த ‘லூசி’ என்ற எலும்புக்கூடும் அந்த வகைதான். ஆக, நடை வந்து மிக நீண்ட காலம் கழித்துத்தான் மூளை.

கல்லும் மூளைக்கு முந்தியது. கென்யாவின் லொமெக்வியில் சோனியா அர்மாந்தின் குழு கண்டெடுத்த உடைத்த கற்களுக்கு வயது 33 லட்சம். ஹோமோ பேரினத்தின் எலும்பு எதுவும் அவ்வளவு பழையதாக இதுவரை கிடைக்கவில்லை. எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கூர்ச்செதில்கள் வந்துவிட்டன. இங்கே எச்சரிக்கையும் வேண்டும். பிரேசிலில் கப்புச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது தெறிக்கும் செதில்கள், மனித மூதாதையர் செய்தவற்றைப் போலவே இருக்கின்றன என்று 2016இல் காட்டினார்கள். குரங்குகள் அந்தச் செதிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூர்மையான செதில் தெறிப்பது தற்செயலாகவும் நடக்கும். அதைக் குனிந்து எடுத்து இறைச்சியில் வைத்து அறுத்ததுதான் புதிது.

*

அந்த அறுப்பு என்ன செய்தது என்பதைச் சமையலறைப் பக்கமிருந்து பார்க்கலாம். ஹார்வர்டைச் சேர்ந்த கேத்தரின் சிங்க், டேனியல் லீபர்மன் இருவரும் 2016இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களின் முகத்தில் மின்வாய்களை ஒட்டி, பச்சை ஆட்டுக்கறியையும் பச்சைக் கிழங்கையும் மெல்லக் கொடுத்து, தாடைத் தசை எவ்வளவு விசை போடுகிறது என்று அளந்தார்கள். மென்றதைத் துப்பச் சொல்லி, எவ்வளவு பொடிந்தது என்று பார்த்தார்கள். முழுத்துண்டாகக் கொடுத்த பச்சைக் கறி எத்தனை முறை மென்றாலும் ரப்பர்போல் அப்படியே வந்தது. நம் பல்லுக்கு அதை வெட்டும் வடிவம் இல்லை. அதையே சிறு துண்டாக அறுத்துக் கொடுத்தால் கதை மாறியது. கிழங்குக்கு இடிப்பு உதவியது, கறிக்கு இடித்துப் பயனில்லை, அறுக்கத்தான் வேண்டும். உணவில் மூன்றிலொரு பங்கு இறைச்சியாக இருந்து, அதை அறுத்தும் கிழங்கை இடித்தும் தின்றால், மெல்லும் தடவை 17 விழுக்காடும் தாடை விசை 26 விழுக்காடும் குறைகின்றன. இதில் நெருப்பே இல்லை. கூரான ஒரு கல், உருண்டையான ஒரு கல், அவ்வளவுதான். அருவாமனையும் அம்மிக்குழவியும் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

வேலை குறைந்த தாடை சிறுக்க முடியும். ஹோமோ எரெக்டஸில் கடைவாய்ப்பல்லும் தாடையும் முன்னோருடையதைவிடச் சிறியவை. பெரிய பல்லுள்ளவனுக்கு இருந்த அனுகூலம் கல்லால் போயிற்று. சிறிய பல்லோடு பிறந்தவனும் பட்டினி கிடக்கவில்லை. கல் உடலுக்கு வெளியே முளைத்த பல் ஆகிவிட்டது.

ரிச்சர்ட் ரேங்கம் இதையெல்லாம் நெருப்பின் கணக்கில் எழுதுகிறார். எரெக்டஸின் சிறிய பல்லும் சிறிய குடலும் சமைத்த உணவால் வந்தவை என்பது அவர் வாதம். அழகான வாதம், நானும் முதலில் மயங்கியவன். ஆனால் மண்ணில் சாம்பல் வேண்டுமே! தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையின் உள்ளே, வாயிலிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கிடைத்த சாம்பலும் எரிந்த எலும்பும் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுப் பழையவை. இஸ்ரேலின் கெஷர் பெனோட் யாக்கோவில் நெருப்பின் தடயத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம். எரெக்டஸ் வந்ததோ 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இடையில் 9 லட்சம் ஆண்டு வெற்றிடம். அறுப்பும் இடிப்பும் அந்த வெற்றிடத்தை நிரப்பப் போதும் என்பதால் நெருப்பைப் பிற்பாடு வைப்பதில் எனக்குச் சங்கடமில்லை.

மூளைக்கான எரிபொருளும் இங்கேதான் வருகிறது. உடல் எடையில் 2 விழுக்காடுள்ள மூளை, ஓய்வில் நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை விழுங்குகிறது. குடலும் அதேபோல் செலவுமிக்க உறுப்பு. ஒன்று சிறுத்ததால்தான் மற்றது பெருக்க முடிந்தது என்று லெஸ்லி அயெல்லோவும் பீட்டர் வீலரும் 1995இல் சொன்னார்கள். பிறகு நூறு பாலூட்டி இனங்களை அளந்தபோது, குடலுக்கும் மூளைக்கும் அப்படி எதிரெதிர்த் தொடர்பு தென்படவில்லை. ஆகவே அந்த நேர்க்கணக்கை விட்டுவிடலாம். செரிமானத்தின் முதல் பாதி வாய்க்கு வெளியே, கல்லின்மேல் நடக்கத் தொடங்கியது என்ற அளவில் அது சொன்னதில் உண்மை இருக்கிறது.

கையும் மாறியது. நம் நடுவிரலுக்கு நேர்கீழே உள்ளங்கை எலும்பில் சிறிய முளை ஒன்று உண்டு. அது மணிக்கட்டெலும்போடு பூட்டிக்கொள்வதால்தான், விரல்நுனிகளில் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓங்கி அடிக்கும்போது அந்த மூட்டு நழுவுவதில்லை. லூசியின் வகையான ஆஸ்ட்ரலோபித்தகஸ் கையில் அது இல்லை. இதுவரை கிடைத்தவற்றுள் அந்த முளையுள்ள மிகப் பழைய எலும்பு துர்க்கானாவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. வயது 14 லட்சத்து 20 ஆயிரம். கைக்கோடரி அதற்கும் மூன்று லட்சம் ஆண்டு முன்பே வந்துவிட்டது. நாளை இன்னும் பழைய எலும்பு கிடைத்தால் இந்த இடைவெளி சுருங்கலாம். ஆனால் செதில் உடைக்கும் பழக்கமே இந்த எலும்புக்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது என்பது மாறாது.

ஒரு முதியவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஜார்ஜியாவின் டமனிசியில், இடைக்கால ஊரொன்றின் இடிபாடுகளுக்குக் கீழே, 17 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுப் பழைய மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் பல் ஒன்றைத் தவிர எல்லாம் விழுந்து, பல்குழிகள் எலும்பால் மூடியிருந்தன. அப்படி மூடச் சில ஆண்டுகளாவது பிடிக்கும். அத்தனை காலமும் அவர் பல்லில்லாமல் உயிரோடிருந்திருக்கிறார். யாரோ இடித்துக் கொடுத்தார்கள் என்று பலரும் எழுதினார்கள். பல்லிழந்த சிம்பன்சிகளும் சில காலம் வாழ்வதைச் சுட்டி, அவசரப்படாதீர்கள் என்றார்கள் வேறு சிலர். எனக்கு அவர் தானே இடித்துக்கொண்டிருந்தாலும் போதும். உரல் உள்ள வீட்டில் பொக்கைவாய்க்கு வெற்றிலை கிடைக்கும்.

*

இனி, நின்றுபோன கல்லுக்குத் திரும்புவோம். ஒரே வடிவம் எப்படி இத்தனை காலம் நீடித்தது? நம் அனுபவத்தில் பண்பாடு என்றால் மாறுவது. வடை ஊருக்கு ஊர் மாறுகிறது. கோலம் தெருவுக்குத் தெரு மாறுகிறது. வாய்வழி, கைவழிக் கடத்தலில் பிசகு சேர்ந்துகொண்டே போகும். மாறாமல் 10 லட்சம் ஆண்டு நீடிப்பது சிலந்தி வலை, தூக்கணாங்குருவிக் கூடு போன்றவை. அப்படியானால் கைக்கோடரியும் அந்த வகைதானோ என்று 2016இல் ரேமண்ட் கார்பியும் கூட்டாளிகளும் கேட்டார்கள். கைக்கோடரி பீட்டில்ஸ் குழுவின் பாட்டைப் போன்றதா, பறவையின் பாட்டைப் போன்றதா என்பதே அவர்கள் கட்டுரைத் தலைப்பு. அதன் வடிவத்தில் ஒரு பங்கு மரபணுவில் எழுதப்பட்டிருக்கலாம் என்றார்கள்.

தொல்லியலாளர் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது, உவமைதான் அவர்களையே திருப்பிக் கேள்வி கேட்கிறது. எந்தப் பறவையின் பாட்டு? குயில் காக்கைக் கூட்டில் பொரிந்து, காகம் கரைவதைக் கேட்டே வளர்கிறது. ஆனாலும் வளர்ந்தபின் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியில் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு குருவி அப்படியில்லை. ஆண்குஞ்சு முதல் மூன்று மாதத்துக்குள் தகப்பன் பாடுவதைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் தனியே வளர்த்தால் உருப்படியாகப் பாட்டு வராது. பாட்டைக் கற்கவேண்டும் என்ற தூண்டுதல் பிறவியில் இருக்கிறது, பாட்டு தகப்பனிடம் இருக்கிறது. அதில் எது உயிரியல், எது பண்பாடு என்று கத்தி வைத்துப் பிரிக்க முடியுமா?

கைக்கோடரி செய்தவர்களை நான் குயிலைவிட ஃபிஞ்சுக்குப் பக்கத்தில் வைப்பேன். காரணம் பிறவி வடிவத்துக்கு ஒவ்வாத ஒரு சங்கதி: செய்யும் வழி இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரும்பாறையிலிருந்து முதலில் ஒரு பெரிய செதிலைப் பெயர்த்து, அதைத் தட்டித் தட்டிக் கைக்கோடரி ஆக்கியது பரவலாகத் தெரிகிறது. பாக்ஸ்குரோவில் தீத்தட்டிக்கல் உருண்டையையே சுற்றிலும் செதுக்கிச் சிறுக்கவைத்தார்கள். போகும் பாதை வேறாக இருந்தும் சேருமிடம் ஒன்றாக இருந்தால், சேருமிடம் மனத்தில் இருந்தது என்றுதான் பொருள். கையசைவு மட்டும் மரபணுவில் இருந்திருந்தால் பாதை மாறியிருக்காது.

கற்றுக்கொண்டார்கள் சரி, எப்படிக் கற்பித்தார்கள்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 184 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2015இல் வந்தது. கல்லிலிருந்து செதில் பெயர்க்கும் வித்தையை ஒருவரிடமிருந்து அடுத்தவர் என்று சங்கிலியாகக் கடத்தவேண்டும். சிலருக்குச் செய்த பொருளை மட்டும் காட்டினார்கள். சிலர் செய்வதைப் பார்க்கலாம். சிலருக்கு ஆசிரியர் கையைப் பிடித்துத் திருத்தலாம். சிலருக்குச் சைகை செய்யலாம். கடைசிக் குழுவில் பேசலாம். பார்த்துப் பழகியவர்கள் பொருளை மட்டும் பார்த்தவர்களைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. கற்பித்தல் வந்ததும் ஏற்றம், பேச்சு வந்ததும் இன்னும் ஏற்றம். எந்தக் கோணத்தில், எந்த விளிம்பில் அடிப்பது என்பது பார்த்தால் பிடிபடாத சூட்சுமம். யாராவது ‘இங்கே’ என்று காட்டவேண்டும்.

பேச்சு இல்லாத, அல்லது அரைகுறைப் பேச்சுள்ள சமூகத்தில் வித்தை கைமாறும், ஆனால் தடுமாறித்தான் கைமாறும். அத்தகைய இடத்தில் புதுமை பிறக்காமல் இல்லை. பிறந்த புதுமை செய்தவனோடு சேர்ந்து செத்துப்போகும். எல்லோரும் திரும்பத் திரும்ப வந்து சேரக்கூடிய வடிவமே நிற்கும். கைக்கோடரியின் மாறாமைக்கு இந்த விளக்கம் போதும் என்று நினைக்கிறேன். அந்த மனிதர்களை மந்தமானவர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. அவர்கள் குழு சிறியது, ஆயுள் குறுகியது, ஆசிரியர் அரிது. நல்ல ஆசாரி ஒருவர் இளம்வயதில் இறந்தால், அவர் கண்டுபிடித்த நுணுக்கத்தை எழுதிவைக்க ஏடும் இல்லை, சொல்லிவைக்கச் சொல்லும் இல்லை.

*

கல் நகரத் தொடங்கிய கட்டமும் அத்திரம்பாக்கத்து மண்ணிலேயே பதிவாகியிருக்கிறது. அதே அகழ்குழிகளின் மேலடுக்குகளைப் பற்றி அகிலேஷ், பப்பு குழு 2018இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. கனிமத் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளக்கும் ஒளிர்வு முறையில் கணித்தபோது, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரி குறையத் தொடங்கியது தெரிந்தது. பெரிய கருவிகள் போய்ச் சிறியவை வந்தன. லெவல்வா எனும் முறை வந்தது. இதில் விரும்பிய வடிவத்தில் ஒரு செதில் வேண்டுமென்று முதலில் தீர்மானித்து, அதற்கேற்பக் கருக்கல்லைச் சுற்றிலும் தட்டி ஆயத்தம் செய்து, கடைசியில் ஒரே அடியில் செதிலைப் பெயர்ப்பார்கள். நுங்கு சீவுகிறவரைப் பார்த்தால் இது விளங்கும். கண் முழுசாக வரவேண்டும் என்பதற்காகவே மற்ற சீவல்கள் எல்லாம். அந்தச் சீவல்களால் அவருக்கு வேறு பயனில்லை. கைக்கோடரியில் கல்லே கருவி. லெவல்வாவில் கல் கருவியாவதற்கு முந்திய நிலை, பல படி தள்ளியிருக்கும் ஒன்றுக்காக இப்போது உழைப்பது.

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே மாற்றம். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் 3 லட்சம் ஆண்டுப் பழைய மண்டைகள் கிடைத்துள்ளன. முகம் நம்முடையது போலவே இருக்கிறது, மூளை அளவும் நம்முடையதே. ஆனால் மண்டை நீளவாக்கில் இருக்கிறது. நமக்கிருக்கும் உருண்டை மண்டை, ஒரு லட்சத்திலிருந்து 35 ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில்தான் முழுமை பெற்றது என்று லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் கணித்தார்கள். திட்டமிட்டுக் கல் உடைக்கும் பழக்கம் முதலில், அந்த மண்டை வடிவம் பிறகு. மறுபடியும் அதே முறை.

இந்த முறை நின்றுவிடவில்லை. துணி உடுத்த ஆரம்பித்தது எப்போது என்று எலும்பு சொல்லாது, துணி மக்கிவிடும். பேன் சொல்கிறது. தலையில் வாழும் பேன் வேறு, துணி மடிப்பில் முட்டையிடும் சீலைப்பேன் வேறு. நம் முன்னோர் இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்துப் பிரித்தார்கள், மரபணு ஆய்வாளர்களும் அதே பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். சீலைப்பேன் தலைப்பேனிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 1,70,000 ஆண்டுகளுக்கு முன் என்பது 2011இல் வந்த கணிப்பு. சீலை இல்லாமல் சீலைப்பேன் இல்லை. நம் பழக்கம் நம் உடலை மட்டுமல்ல, நம்மேல் குடியிருந்த பூச்சியின் உடலையும் மாற்றியிருக்கிறது.

பால் இதைவிட அண்மைக் கதை. பாலூட்டிகள் பால்குடி மறந்ததும் லாக்டோசைச் செரிக்கும் நொதியை நிறுத்திவிடும், மனிதரும் அப்படித்தான். அனத்தோலியாவில் 8,000 ஆண்டுகளுக்கு முந்திய பானை ஓடுகளிலேயே பால்கொழுப்பு ஊறியிருக்கிறது. வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கவைக்கும் மரபணு மாற்றமோ ஐரோப்பாவில் பரவலானது கடந்த மூன்று, மூன்றரை ஆயிரம் ஆண்டுகளில்தான். உடல் ஒத்துழைக்கும் முன்பே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாட்டைக் கறந்திருக்கிறார்கள். அதே மரபணு மாற்றம் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. தெற்கே பாலை விட்டுவிடவில்லை. உறை ஊற்றித் தயிராக்கி, கடைந்து மோராக்கினார்கள். குடல் செய்யவேண்டிய வேலையைப் பானையில் பாக்டீரியா செய்தது. பழக்கம் உடலை மாற்றும் என்பது பாதிதான். சில நேரம், உடல் மாறவேண்டிய தேவையையே பழக்கம் நீக்கிவிடுகிறது.

*

இத்தனையும் சொன்னபின் அத்திரம்பாக்கத்தில் ஒரு குறை மிஞ்சுகிறது. அங்கே விலங்குப் பற்கள் சில கிடைத்துள்ளன, மாட்டின் வகையும் குதிரை வகையும். மனித எலும்பு ஒன்றுகூட இல்லை. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தவர்கள் ஹோமோ எரெக்டஸ் என்று பெரும்பாலோர் கருதுவது, அப்போது ஆசியாவில் இருந்ததாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம் என்பதால். 3,85,000 ஆண்டுகளுக்கு முன் லெவல்வா செய்தவர்கள் யார் என்பதில் அந்த ஊகமும் உதவாது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் இனம் வெளியேறியதாகப் பொதுவாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது மிகவும் முந்தியது. வெளியிலிருந்து வந்த முறையா, இங்கேயே கைக்கோடரியிலிருந்து கிளைத்ததா? ஆய்வாளர்களும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இந்தியா முழுவதிலும் அந்தப் பழங்காலத்து மனித மண்டை என்று சொல்ல இருப்பது, நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சொனாக்கியா எடுத்த ஒரே ஒரு மண்டையோட்டு மூடி. அது எந்த இனம் என்பதிலும் வழக்கு ஓயவில்லை.

எலும்பு இல்லாத இடத்தில் கல் இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். அத்திரம்பாக்கத்தின் அடியடுக்கு களிமண். தண்ணீர் மெல்ல வந்து படியவைத்த களிமண்ணில் இயற்கையாகக் கூழாங்கல் வந்து சேராது. அந்தக் களிமண்ணுக்குள்தான் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குவார்ட்சைட் கருவிகளும் செதில்களும் கிடந்தன. வேறு எங்கோ பாறையிலிருந்து பெயர்த்த பெரிய செதில்களைக் கையில் எடுத்து, அந்த ஈர நிலத்துக்கு நடந்து வந்து, அங்கே உட்கார்ந்து மீதியைச் செதுக்கியிருக்கிறார்கள்.